காட்டுக்கும் கணக்கர் தேவை

வனவிலங்குப் பாதுகாப்பு இயக்கம் ஒன்றில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “புலியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?” என்பதுதான். இல்லை. ஐந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன்; காட்டில் ஒரு புலியைக்கூடப் பார்த்ததில்லை. தானியங்கிக் கேமராவில் விழுந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேமராக்களுக்கு பேட்டரி வாங்கிய ரசீதுகளை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். நான் அங்கே கணக்கர்.

இரண்டாவது கேள்வி சற்றுத் தயக்கத்தோடு வரும். “இதுக்கெல்லாம் சம்பளம் உண்டா?” உண்டு. மாதச் சம்பளம், இபிஎஃப், சொக்சோ, ஆண்டு விடுப்பு எல்லாம் உண்டு. வங்கியிலோ தணிக்கை நிறுவனத்திலோ கிடைப்பதைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

விலங்குகள்மேல் ஆசையுள்ள பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆசை, “கால்நடை மருத்துவம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் வேறு ஏதாவது படி” என்பதோடு முடிந்துபோகிறது. அதற்கு அப்பால் என்ன வேலைகள் இருக்கின்றன, எங்கே தேடுவது, யாரை நம்புவது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நானே தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்திலிருந்து அலுவலகத்துக்கு

நான் பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தா பால்மரம் சீவினார். அப்பா காலத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். குலை வெட்டத் தொடங்கிய அப்பா, மண்டோராக ஓய்வு பெற்றார். நான் கணக்கியல் படித்து, பிடிபிடிஎன் கடனோடு வெளியே வந்து, கோலாலம்பூரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான்.

ஒரு வார இறுதியில் தோழி ஒருத்தி மெராப்போவுக்கு அழைத்தாள். பகாங்கில், தாமான் நெகாராவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் சுங்கை யூ காட்டுப்பகுதி அங்கே இருக்கிறது. விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காகச் சாலையைச் சில இடங்களில் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மைகேட் என்ற புலிப் பாதுகாப்புக் கூட்டணி, பொதுமக்களை அந்தக் காட்டில் நடக்க அழைத்துச் செல்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் கண்ணி வைப்பவன் தயங்குவான். கண்ணி ஏதும் கண்ணில் பட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தகவல் போகும். நடையின் நோக்கம் இவ்வளவுதான்.

2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது. நாட்டின் சின்னத்தில் நிற்கும் விலங்கு அது. அதைக் கொல்ல ஒரு துண்டுக் கம்பி போதும் என்பது, சுருக்குப் போட்ட கம்பி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று கூட நடந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தார், பல் மருத்துவர் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள். வேறோர் இயக்கத்தில் வேலை செய்யும் சீன அக்கா ஒருவரும் இருந்தார். நான் தணிக்கையில் இருக்கிறேன் என்றதும் அவர் சிரித்தார். “காட்டில் நடக்க ஆள் கிடைத்துவிடுகிறார்கள். மானியக் கணக்கை ஒழுங்காக முடித்துக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை” என்றார். அந்தப் பேச்சு என்னோடு பேருந்தில் கோலாலம்பூர்வரை வந்தது.

அப்பாவின் கேள்வி

அதற்குப் பிறகு ஓராண்டு யோசித்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு திரெங்கானுவில் ஆமை முட்டைப் பொரிப்பகம் ஒன்றில் இரண்டு வாரம் இருந்தேன். இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து, பகலில் தூங்கி, முட்டைகளை எண்ணி எழுதினேன். இந்த வேலையின் அலுப்பு எனக்குப் பிடிபடுகிறதா என்று பார்க்கவே போனேன். பிடிபட்டது. பிறகு 14 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கு இடங்களிலிருந்து பதில் வந்தது. இரண்டு நேர்முகத் தேர்வு. ஓர் இடத்தில் ஓராண்டு ஒப்பந்தம் கிடைத்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

வீட்டில் சொன்னபோது அம்மா பணக் கணக்கைத்தான் கேட்டார். மாதம் 700 ரிங்கிட் அனுப்பிக்கொண்டிருந்தேன். தங்கை அப்போது படிவம் ஆறில் இருந்தாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்திருந்தேன். செத்தாப்பாக்கில் வாடகை குறைந்த அறை பார்த்திருந்தேன். முதல் ஆண்டு 500 அனுப்புகிறேன், தங்கையின் கட்டணத்தில் கைவைக்க மாட்டேன் என்று தாளில் எழுதியே காட்டினேன்.

அப்பா பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“ராத்திரி யானை வருதுன்னு தகரத்தைத் தட்டிக்கிட்டு முழிச்சிக் கெடந்தோம். பாம்பு, அட்டை, கொசுக்கடி. இதுலேருந்து நீ வெளிய போகணும்னுதாம்மா படிக்க வெச்சேன். நீ திரும்பவும் காட்டுக்கே போறேங்கிற.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் துறையில் நான் பின்னர் சந்தித்த பலருக்கு இப்படி ஒரு கேள்வி வீட்டில் வந்திருக்காது. அவர்கள் குடும்பங்களுக்குக் காடு என்றால் விடுமுறை. எங்கள் வீட்டில் காடு என்றால் வேலை. மூன்று தலைமுறை முயன்று தாண்டி வந்த வேலியை, மகள் மறுபடி உள்பக்கமாகத் தாண்டுகிறாள் என்றால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? விலங்குநலம் பேசுபவர்கள் நம் மக்களிடம் பேசும்போது இதை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா சரி என்று சொல்லவில்லை. “ஒரு வருஷம் பாரு” என்றார்.

இரண்டாம் ஆண்டில், தோட்டங்களுக்குள் வரும் காட்டு யானைகள் தொடர்பான திட்டம் ஒன்றுக்கு வரவு செலவுத் திட்டம் தயாரிக்க வேண்டியிருந்தது. இந்நாட்டில் 1974 முதல் பெர்ஹிலித்தானின் யானைப் பிரிவு, தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளுக்கு இடம் மாற்றி வருகிறது. அவற்றில் சில பழைய இடத்தைத் தேடித் திரும்பி நடந்துவிடும். அதனால் மின்வேலியும் தேவைப்படுகிறது. வேலிச் செலவைப் பற்றி அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

“கம்பிக்கும் கம்பத்துக்கும் காசு போட்டிருக்க. புல்லு வெட்ட யாரு?” என்றார். லாலாங் வளர்ந்து கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், யானைக்கு அது தெரிந்துவிடும், மரத்தைச் சாய்த்துக் கம்பிமேல் போட்டு நடந்து வரும் என்றார். கன்றுச் செம்பனையின் குருத்துக்காக அது என்ன பாடுபடும் என்று அரை மணிநேரம் பேசினார். வாரம் ஒருமுறை வேலியோரம் நடந்து புல் வெட்ட ஆள்கூலி என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரிக்குப் பணமும் கிடைத்தது.

அப்பா இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, “அந்த வேலி என்னாச்சு?” என்று கேட்கிறார்.

என்னென்ன வேலைகள்

விலங்குகளைத் தொட்டுப் பார்க்கும் வேலை, இந்தத் துறையில் ஒரு பகுதிதான். கால்நடை மருத்துவர், அவருக்கு உதவியாளர், பராமரிப்பாளர் என்று அது போகும். மலேசியாவில் யுபிஎம்மிலும் கிளந்தான் பல்கலைக்கழகமான யுஎம்கேயிலும் கால்நடை மருத்துவம் ஐந்தாண்டுப் படிப்பு. சிங்கப்பூரில் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயம் இருக்கிறது. மருத்துவராக முடியாதவர்களுக்கு அது நல்ல வாசல்.

அடுத்தது ஆய்வு. கேமரா வைப்பது, தடம் எண்ணுவது, ஆமைக் கூடு குறிப்பது, வரைபடம் போடுவது. வனவியல், கடல் அறிவியல், பாதுகாப்பு உயிரியல் படித்தவர்கள் இங்கே வருவார்கள். புள்ளிவிவரமும் கணினி வரைபடமும் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு.

மூன்றாவது காவல். கண்ணி அகற்றும் ரோந்துப் பணியில் ஓராங் அஸ்லி மக்களும் ஓய்வுபெற்ற இராணுவத்தினரும் சமூகக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். பட்டம் தேவையில்லை, காடு தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது எங்களைப் போன்றவர்கள். கணக்கு, மனிதவளம், நிதி திரட்டல், மானிய விண்ணப்பம், சட்டம், கல்வி, ஊடகம். சட்டம் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்திலும் நிறைய வேலை இருக்கிறது. மலாயில் ஒரு நல்ல அலுவல் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு இங்கே தனி மதிப்பு. கியர் வண்டி ஓட்டும் உரிமமும் அப்படித்தான்.

எங்கே தேடுவது

முதலில் வீட்டுப் பக்கமே பாருங்கள். மலேசிய இயற்கைக் கழகம் 1940 முதல் இருக்கிறது. டபிள்யூடபிள்யூஎஃப் மலேசியா 1972இல் தொடங்கியது. வனவிலங்குக் கடத்தலைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் தென்கிழக்காசிய அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. எஸ்பிசிஏ போன்ற காப்பகங்கள் பெரும்பாலான பெரிய ஊர்களில் உண்டு. சபாவில் செப்பிலோக் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் 1964இல் தொடங்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே, ஆய்வாளர் வோங் சியூ தே 2008இல் நிறுவிய சூரியக் கரடி மையம். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் சென்று வேலை செய்ய நமக்கும் வேலை அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் 2001இல் தொடங்கிய ஏக்கர்ஸ், எஸ்பிசிஏ, இயற்கைச் சங்கம், மண்டாய் வனவிலங்குக் குழுமம் ஆகியவை ஒருபக்கம். 2019 முதல் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை மறுபக்கம்.

ஆசியாவின் பிற நாடுகளில், பித்தநீருக்காக அடைக்கப்பட்ட கரடிகளை மீட்கும் அனிமல்ஸ் ஏசியா 1998இல் ஹாங்காங்கில் பிறந்தது. சீனாவிலும் வியட்நாமிலும் காப்பகங்கள் நடத்துகிறது. புக்கெட்டில் தெருநாய்களுக்காக சோய் டாக், கம்போடியாவில் ஃப்ரீ தி பேர்ஸ், சென்னையில் கேப்டன் வி.சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ். இத்தகைய இடங்களில் கூண்டு கழுவி உணவு வைக்கும் வேலை, நியாயமாகவே உள்ளூர் மக்களுக்குப் போகிறது. வெளிநாட்டவரை மருத்துவம், நிதி திரட்டல், தன்னார்வலர் ஒருங்கிணைப்பு போன்றவற்றுக்குத்தான் எடுப்பார்கள்.

நம்மவர்கள் யாருமே இல்லையே என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் தானாகவே கற்றுக்கொண்டு பறவைகளுக்கும் காடுகளுக்கும் வாழ்நாளைக் கொடுத்தவர் சுபராஜ் ராஜதுரை, 2019இல் மறைந்தார். ஏக்கர்ஸின் இணைத் தலைமை நிர்வாகியாக இருந்தவர் அன்பரசி பூபால்.

பணம் கேட்கும் இடங்கள்

தன்னார்வலராக வரப் பணம் கட்டச் சொல்வார்கள். அதுவே தவறில்லை. தங்குமிடம், சாப்பாடு, விலங்குக்கான செலவு என்று கணக்கு இருந்தால் சரி. என் தோழி ஒருத்தி, அண்டை நாடொன்றில் “மீட்பு மையம்” என்று நம்பி ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிப் போனாள். காலை முதல் மாலை வரை சுற்றுப்பயணிகள் புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்க, இவள் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டாள்.

எனவே சிலவற்றைக் கேளுங்கள். விலங்குகள் எங்கிருந்து வந்தன? அங்கேயே இனப்பெருக்கம் நடக்கிறதா? எப்போது போனாலும் குட்டிகள் இருக்கின்றனவா? கட்டிப்பிடிக்க, சவாரி செய்ய விடுகிறார்களா? காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கு மனிதனிடம் பழகக் கூடாது. நல்ல மையங்கள் நம்மைத் தள்ளி நிறுத்தும். குரங்கினங்கள் உள்ள இடத்தில் நமக்குக் காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றும் என்பதால்.

பதிவையும் பாருங்கள். மலேசியாவில் சங்கப் பதிவிலாகாவிலோ எஸ்எஸ்எம்மிலோ பதிவு இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் விலக்கு இருந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் அறநிறுவனங்களின் கணக்குகளை அரசாங்கத் தளத்திலேயே படிக்கலாம். தணிக்கை செய்த கணக்கைக் காட்டத் தயங்கும் இடத்துக்குப் போகாதீர்கள். பழைய தொழில் பழக்கத்தில் சொல்கிறேன்.

வெளிநாடு போகும்போது விசாவை ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள். சம்பளமே வாங்காத வேலைக்கும் அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. தாய்லாந்து அப்படி ஒன்று. நாய்க்கடி அபாயம் உள்ள வேலையென்றால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். 2017 முதல் சரவாக்கில் அந்த நோய் பலரைப் பலிகொண்டிருக்கிறது.

நேர்முகத் தேர்வில் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “இந்தப் பதவிக்கான மானியம் எப்போது முடிகிறது?” பெரும்பாலான பதவிகள் ஓராண்டு, ஈராண்டு மானியத்தில் நிற்பவை. மானியம் முடிந்தால் வேலையும் முடியலாம். என் ஒப்பந்தம் இதுவரை நான்கு முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசி மாதம் தூக்கம் குறைவுதான். அர்ப்பணிப்பு என்ற பேரில் இபிஎஃப் கட்டாத இடமும் உண்டு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டும் இபிஎஃப்பும் சட்டம். விலங்குக்கு நியாயம் கேட்பவர்கள் ஊழியருக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு

மனச்சுமையையும் சொல்லியாக வேண்டும். 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற காண்டாமிருகம் இறந்தது. இந்நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் அன்றோடு வேலையை விட்டுப் போய்விடவில்லை. மறுநாளும் மற்ற விலங்குகள் இருந்தன. காப்பகங்களில் இடமில்லாமல் நாய்களைத் திருப்பி அனுப்பும் நாள்கள் வரும். ஆசை மட்டும் இருந்தால் இதைத் தாங்க முடியாது. அதனால்தான் வேலையை விடுமுன் இரண்டு வாரமாவது போய் இருந்து பாருங்கள் என்கிறேன்.

மகனோ மகளோ இந்தத் துறைக்குப் போகிறேன் என்று வந்து நின்றால், உடனே மறுக்க வேண்டாம். உடனே சம்மதிக்கவும் வேண்டாம். கணக்கு எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மானியம் எத்தனை ஆண்டு, இபிஎஃப் உண்டா, காட்டுக்குப் போகும்போது யாரோடு போகிறார்கள், திரும்பாவிட்டால் தகவல் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் தங்குமிடத்தை நீங்களே ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எந்த நல்ல இயக்கமும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. பிள்ளையிடம் பதில் இருந்தால், அது ஆசையைத் தாண்டி முடிவாகிவிட்டது என்று பொருள்.

இளையோருக்கு நான் சொல்வது இன்னும் எளிது. இப்போதிருக்கும் வேலையை விடாதீர்கள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமையை மட்டும் ஒதுக்கி, வீட்டுக்கு அருகில் உள்ள காப்பகத்துக்கோ காட்டு நடைக்கோ போய், உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று அங்கிருப்பவர்களிடம் சொல்லுங்கள். கூண்டு கழுவச் சொன்னால் கழுவுங்கள். இடையில் யாராவது, “உங்களுக்குக் கணக்கு தெரியுமா?” என்று கேட்டாலும் கேட்பார்கள்.